பிரைரி ஓடையின் ஒரே கடிகாரம்

வெர்லீன் வெட்ஸலைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். பெற்ற பிள்ளையைவிட அவளுக்கு விதிமுறைப் புத்தகம்தான் பெரிது, கல்நெஞ்சக்காரி என்பது ஒன்று. இப்படி ஒருத்தி இருப்பதால்தான் இந்தக் கவுண்டியில், அதாவது எங்கள் மாவட்டத்தில், தேர்தலுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அன்றைக்கு நடந்ததில் பாதிப் பாவம் என்னுடையது.

நான் லோவெல் கிரைடர். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினேன். மலைச்சாலை, பனி, குறுக்கே ஓடும் மான், எது வந்தாலும் ஒரு நாள்கூடப் பிள்ளைகளைத் தாமதமாகக் கொண்டுபோய் விட்டதில்லை. அதற்கு என்னிடம் ஒரு சின்னத் தந்திரம் இருந்தது. வண்டிக் கடிகாரத்தை எப்போதும் மூன்று நிமிஷம் முன்னால் வைத்திருப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. என் சொந்த வண்டியிலும் அப்படித்தான். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மனைவி திட்டுகிறாள் என்று தீயணைப்புப் படையிலும் தேர்தல் வேலையிலும் சேர்ந்துகொண்டேன். தேர்தலில் வெர்லீன்தான் எனக்கு மேலதிகாரி.

எங்கள் பிரைரி ஓடை ஊருக்கு வாக்குச்சாவடி தீயணைப்புக் கூடம்தான். முதல் நாள் சாயங்காலம் இரண்டு தீயணைப்பு வண்டிகளையும் வெளியே நிறுத்திவிட்டு, தரையைக் கழுவி, மேசை போடுவோம். வெர்லீன் இருபத்துநாலு வருஷமாக அங்கே தலைமை அலுவலர். மற்ற நாட்களில் தொடக்கப் பள்ளியின் சமையலறையை நடத்துபவள். புருஷன் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. உயரமான பெண்மணி, பேச்சு குறைவு. சிரித்தால் நன்றாக இருப்பாள், ஆனால் அது அவளுக்குத் தெரியாது.

அவளுடைய கறார் ஊரறிந்தது. சாவடி வாசலிலிருந்து நாற்பது அடிக்குள் யாரும் பிரசாரம் செய்யக் கூடாது என்பது சட்டம். மற்ற சாவடிகளில் குத்துமதிப்பாக ஒரு கோடு போடுவார்கள். வெர்லீன் துணி காயப்போடும் கயிற்றில் சரியாக நாற்பது அடி வெட்டி வைத்திருந்தாள். விடியற்காலையில் ஒரு முனையை நான் வாசற்படியில் பிடித்துக்கொள்ள, அவள் மறுமுனையை இழுத்துக்கொண்டு போய்ச் சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு போடுவாள். கோழி ஆலை மேலாளர் ட்வைட் ஹால்டர்மன் முதல் தடவை கவுண்டியை நிர்வாகம் செய்யும் போர்டுக்கு நின்றபோது கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே நின்று சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெர்லீன் கயிற்றை எடுத்துக்கொண்டு போய் அவர் ஷூ நுனி வரைக்கும் நீட்டிக் காட்டினாள். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை, பின்னால் நகர்ந்தார். தன் தங்கை புருஷன் வேட்பாளர் பெயர் போட்ட தொப்பியோடு வந்தபோதும் கழற்றிவிட்டு வா என்று திருப்பி அனுப்பினாள். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டிலிருந்து இவளுக்கு அழைப்பு வரவில்லை.

கடிகார விஷயமும் அப்படித்தான். பல வருஷங்களுக்கு முன்னால் சாவடி மூடும் நேரத்தில் ஒருவர் கைக்கடிகாரம் ஒன்று சொல்ல, இன்னொருவர் போன் இன்னொன்று சொல்ல, வாக்காளர் பெயர் பார்க்கும் மடிக்கணினி வேறொன்று சொல்ல, வாசலில் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குச் சண்டை வந்துவிட்டது. அதற்குப் பிறகு வெர்லீன் ஒரு விதி போட்டாள். இந்தக் கூடத்துக்கு ஒரே கடிகாரம்தான், வண்டிகள் நிற்கும் இடத்துக்கு மேலே சுவரில் தொங்கும் பெரிய வட்டக் கடிகாரம். மடிக்கணினிகளில் மணி காட்டும் மூலையில்கூடக் கறுப்பு டேப் ஒட்டிவிடுவாள். நாங்கள் கேலி செய்வோம். ஆனால் அதற்குப் பிறகு சண்டை வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

இனி ட்ராவிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ட்ராவிஸ் அவளுடைய ஒரே பிள்ளை. என் பேருந்தில் ஏறி வளர்ந்தவன், மூன்றாவது வரிசை ஜன்னல் ஓரம். பத்து வயதில் சர்க்கரை நோய் வந்து, தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்தான். ஹால்டர்மனின் கோழி ஆலையில் எலும்பு நீக்கும் பிரிவில் வேலை. இருபத்தாறு வயதில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலாவதியான உரிமத்தோடு வண்டி ஓட்டியதாகப் பிடித்துக் கவுண்டி சிறையில் போட்டார்கள். ஏழு மணியோடு சிறையின் செவிலி வீட்டுக்குப் போய்விடுவாள். முன்பெல்லாம் ராத்திரிக்கு இன்னொரு செவிலி இருந்தாள், அந்த வேலையை எடுத்துவிடலாம் என்று கவுண்டி போர்டு ஓட்டுப் போட்டு எடுத்துவிட்டது. ட்ராவிஸ் உள்ளே போனபோது ஏழு இருபது. ஊசி வேண்டும் என்று கேட்டான். மருந்து நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். சனியும் ஞாயிறும் யாரும் வரவில்லை. வாந்தி எடுத்தான், தண்ணீர் தண்ணீர் என்று கத்தினான், பக்கத்து அறையில் இருந்தவன் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப்போனான். குடிகாரன் நடிக்கிறான் என்று காவலர் சொன்னாராம். திங்கட்கிழமை காலையில் செவிலி வந்தபோது பையன் தரையில் செத்துக் கிடந்தான்.

அந்தக் காவலர்மேல் வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் கவுண்டியின் அரசு வக்கீல் பிராட்ஃபோர்ட் கைல். எங்களிடம் அதுவும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவிதான். பன்னிரண்டு வருஷமாக அவர்தான். வெர்லீன் நான்கு தடவை அவர் அலுவலகத்துக்குப் போனாள். நான்காவது தடவை அவர் வெளியே வந்து, "நடந்தது துக்கமான விஷயந்தாம்மா, ஆனா குத்தம்னு சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, அவள் கிளம்பிப் போவதற்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாராம். கதவைப் பிடித்துக்கொண்டதைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அடுத்த தேர்தல் வந்தபோது கைலை எதிர்த்து மார்னி ஷாங்க் என்ற பெண் வக்கீல் நின்றாள். நாற்பது வயது, சுமாரான பேச்சு, பழைய கார். ஆனால் ஒன்றை மட்டும் எல்லாக் கூட்டத்திலும் சொன்னாள்: தான் ஜெயித்தால் முதல் மாதமே ட்ராவிஸ் வெட்ஸல் வழக்கை ஜூரி முன்னால் கொண்டுபோய் வைப்பேன். ஹால்டர்மன் மறுபடியும் போர்டுக்கு நின்றார். அவர் ஜெயிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். அரசு வக்கீல் பதவிதான் இழுபறி. ட்ராவிஸுக்கு நியாயம் கிடைக்க அது ஒன்றுதான் வழி, வேறு கதவு எதுவும் திறந்திருக்கவில்லை.

கவுண்டி தேர்தல் அலுவலகத்திலிருந்து வெர்லீனைக் கூப்பிட்டு, இந்த ஒரு வருஷம் வேண்டுமானால் ஓய்வெடுத்துக்கொள்ளேன் என்று நயமாகச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் மாட்டேன் என்றாள். எனக்கும் அது சரியாகப் படவில்லை.

"எதுக்கு வெர்லீன் இந்த வீம்பு? வீட்ல இருந்தா ஷாங்குக்கு நாலு ஓட்டுச் சேத்துக் குடுக்கலாம்ல?" என்றேன்.

"நான் வெலகினா, பிள்ளைக்காக வெலகிட்டான்னு ஆயிரும். அப்புறம் இதுக்கு முன்னால நான் எண்ணுனது எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க" என்றாள்.

வீட்டு முற்றத்தில் ஷாங்கின் தேர்தல் பலகைகூட வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் முற்றத்தில் வைத்த பலகை காற்றில் இவள் எல்லைக்குள் விழுந்தபோது எடுத்துத் திரும்ப நட்டுவிட்டு வந்தாள். அப்படி ஒரு பிறவி.

நவம்பர் முதல் ஞாயிறு, குளிர்காலத்துக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிற நாள். இரண்டு நாள் கழித்துத் தேர்தல். தேவாலயம் முடிந்து நான்தான் ஏணி போட்டு ஏறிக் கூடத்துக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன், ஒவ்வொரு வருஷமும் என் வேலை அது. கதவைத் திறந்து வைத்து, காலையிலேயே ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருந்த என் வண்டிக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தேன். பதினொன்று நாற்பது என்று காட்டியது. நேராக வந்து முள்ளைத் தள்ளினேன், ஏணியை மடித்தேன், சாப்பிடப் போய்விட்டேன். என் வண்டி மூன்று நிமிஷம் முன்னால் ஓடுவது அந்த நேரத்தில் என் மண்டையில் வரவே இல்லை. முப்பத்தொரு வருஷம் பார்த்துப் பார்த்து அதுதான் எனக்குச் சரியான மணி ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை நல்ல கூட்டம். தேவாலயப் பெண்கள் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் காபியும் கொண்டுவந்து வெளியே வைத்திருந்தார்கள். வெர்லீன் ஒன்றைக்கூடத் தொடவில்லை. யார் உள்ளே வந்தாலும் ஒரே குரலில் பெயர், முகவரி கேட்டாள். ஹால்டர்மன் வந்தபோதும் அதே குரல். கைல் தரப்பில் ஒரு அம்மாள் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள், அதிலும் வெர்லீனைத்தான் பார்த்தாள். ஷாங்குக்கு அப்படி உட்கார ஆள் கிடைக்கவில்லை. அவளுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள்.

சாயங்காலம் ஆக ஆக ஒரு விஷயம் என்னை உறுத்தியது. ட்ராவிஸோடு எலும்பு நீக்கும் பிரிவில் வேலை செய்தவர்கள் யாரும் இன்னும் வரவில்லை. முன்கூட்டியே ஓட்டுப் போட ஒன்றரை மாதம் இருக்கிறது என்பார்கள். ஆனால் கவுண்டி அலுவலகம் திறந்திருக்கும் நேரம்தான் ஆலையும் ஓடுகிற நேரம். அதனால் அவர்கள் எப்போதும் தேர்தல் அன்று வேலை முடிந்து ஐந்தரைக்கு மேல் ஒரே வேனில் வந்து போடுவார்கள். அன்றைக்கு ஐந்தரைக்கு ஆலை விடவில்லை. கோழி லாரி ஒன்று தாமதமாக வந்தது, அதையும் முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டினார்கள். லாரி நிஜமாகவே தாமதமாக வந்ததா என்பது ஹால்டர்மனுக்கும் ஆண்டவனுக்கும் தெரியும்.

ஆறே முக்காலுக்கு நான் வாசலில் நின்று, இன்னும் கால் மணி நேரத்தில் சாவடி மூடப்படும் என்று உரக்கச் சொன்னேன். அது விதி. அடுத்த விதி, ஏழு அடித்ததும் ஒரு அலுவலர் வெளியே போய் வரிசையின் கடைசி ஆளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவருக்கு முன்னால் நிற்பவர்கள் எத்தனை பேரானாலும் ஓட்டுப் போடலாம். பின்னால் வருபவர்களுக்கு இல்லை. அந்த வேலையை வெர்லீன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டதும் அவள் போய் நின்றாள். வரிசையில் ஆறு பேர். கடைசி ஆள் எமரி டவ், எண்பது வயது, நடைவண்டி பிடித்து நடப்பவர். எமரியின் முதுகுக்குப் பின்னால் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வரிசையைப் பார்க்க நான் வாசலில் நின்றேன். கைல் தரப்பு அம்மாளும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

அப்போதுதான் மலை வளைவில் வேன் வெளிச்சம் தெரிந்தது. வேன் சரளைக் கல்லில் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. ஒன்பது பேர் இறங்கினார்கள். ரப்பர் பூட்ஸ்கூடக் கழற்றவில்லை. முன்னால் ஓடி வந்தவன் ஜூனியர் லாம், ட்ராவிஸுக்குச் சின்ன வயதிலிருந்து கூட்டாளி, வெர்லீன் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"ம்மா, வந்துட்டோம்மா" என்றான், மூச்சு வாங்க. "விடமாட்டேன்னுட்டான் அந்தப் பாவி. கை கழுவக்கூட இல்ல, அப்படியே வந்துட்டோம்."

வெர்லீன் திறந்த கதவு வழியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "மூடியாச்சு ஜூனியர்."

"என்னது?"

"மணி ஏழு தாண்டி ரெண்டு நிமிஷம் ஆச்சு. கடேசி ஆளு எமரி."

ஜூனியர் சிரித்தான், விளையாடுகிறாள் என்று நினைத்துவிட்டான் போல. பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். பையிலிருந்து போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இங்க பாரும்மா. இன்னும் ஏழே ஆகல. ஆறு அம்பத்தொம்போது. பாரும்மா."

"இந்தக் கூடத்துக்கு ஒரே கடிகாரந்தான். உனக்கே தெரியும்."

"அந்தக் கடிகாரம் தப்பா ஓடுது."

"எல்லாருக்கும் அதுதான்."

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. ஏழு இரண்டில் மூன்று போனால் ஆறு ஐம்பத்தொன்பது. பதினொன்று நாற்பது என்று காட்டிய என் வண்டிக் கடிகாரம் அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. வாயைத் திறந்து, கடிகாரத்தில் தப்பு இருக்கிறது வெர்லீன், நான்தான் தப்பாக வைத்தேன் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பக்கத்தில் கைல் தரப்பு அம்மாள். முன்னால் எமரியும் மற்றவர்களும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் முன்னால் கிழட்டு லோவெலுக்குக் கடிகாரம்கூட வைக்கத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே என்று தோன்றியது. ஒன்பது ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் தோன்றியது. நான் சொல்லவில்லை.

ஜூனியர் போனை மெதுவாக இறக்கினான். அவன் கத்தவில்லை. "ட்ராவிஸ்கிட்டயும் மணியத்தாம்மா காட்டுனாங்க" என்றான்.

எமரி நடைவண்டியை ஓர் அடி முன்னால் நகர்த்தினார். அவர் பின்னாலேயே வெர்லீனும் ஓர் அடி நகர்ந்தாள். அப்படியே அடி அடியாகக் கதவு வரைக்கும் வந்து, உள்ளே நுழைந்து, கதவைச் சாத்தினாள். ஒன்பது பேரும் சுண்ணாம்புக் கோட்டின்மேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வேனில் ஏறிப் போனார்கள்.

ஓட்டுகளை எண்ணி முடித்து அவள் கையெழுத்துப் போட்டாள். எங்கள் சாவடியில் ஷாங்குக்குத்தான் அதிகம். ஆனால் கவுண்டி முழுக்கக் கூட்டியபோது கைல் ஏழு ஓட்டில் ஜெயித்திருந்தார்.

ஏழு. திரும்பிப் போனவர்கள் ஒன்பது பேர். இந்தக் கணக்கைப் போட ஊரில் யாருக்கும் காகிதம் தேவைப்படவில்லை.

ஜூனியர் போய் மார்னி ஷாங்கிடம் சொல்லியிருக்கிறான். மறுவாரம் அவள் பழைய காரில் ஒவ்வொருவர் வீடாக வந்தாள். தேர்தல் முடிவை எதிர்த்து வழக்குப் போட இன்னும் சில நாள் கெடு இருந்தது. வெர்லீனிடம் கேட்டாள். கூடத்துக் கடிகாரப்படி மூடினோம் என்று மட்டும் வெர்லீன் சொன்னாளாம். பிறகு என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி காபி கொடுத்தாள்.

"அந்தக் கடிகாரத்த நீங்கதான் வெச்சீங்கன்னு சொன்னாங்க" என்றாள் ஷாங்க். "சரியாத்தான் வெச்சீங்களா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவன்மா நான். ஒரு நாளும் லேட்டாப் போனதில்ல" என்றேன். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, காபியைப் பாதி குடித்துவிட்டுப் போனாள். மறுஎண்ணிக்கை நடந்தது, அதே ஏழு வந்தது. கெடு முடிந்தது. ஜனவரியில் கைல் பைபிள்மேல் கை வைத்துப் பதவி ஏற்றுக்கொண்டார். ஹால்டர்மனும் அதே மேடையில் ஏற்றார். அந்தக் காவலருக்குப் பதவி உயர்வு கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன், இப்போது சீருடையில் மூன்று கோடு. ட்ராவிஸின் கோப்பை எந்த அலமாரியில் போட்டு மூடினார்களோ தெரியாது.

அந்தக் குளிர்காலம் வெர்லீனுக்கு நரகம். கடையில் எலும்பு நீக்கும் பிரிவுப் பெண்கள் அவளைப் பார்த்ததும் வேறு வரிசைக்கு மாறிப் போனார்கள். ஒருத்தி அவள் காதில் விழும்படியே, "பெத்த வயித்துல கல்லுதான் இருந்திருக்கும்" என்றாள். ஜூனியர் வருஷா வருஷம் பனி விழுந்ததும் அவள் வாசலை வாரிக் கொடுப்பான். அந்த வருஷமும் வந்து ஒன்றும் பேசாமல் வாரினான், அவள் காபி எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் போய்விட்டான். அதை என்னிடம் சொன்னபோது மட்டும் அவள் குரல் உடைந்தது. இன்னொரு பக்கம், கைல் ஆட்கள் அவளை எங்கே பார்த்தாலும் தலைகுனிந்து வணக்கம் சொன்னார்கள். பத்திரிகையில் அவளைப் புகழ்ந்து கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை அவள் அடுப்பில் போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்ல வேண்டியதை அன்றைக்கும் சொல்லவில்லை.

கூடத்துக் கடிகாரத்தையும் நான் தொடவில்லை. நடுவில் ஒரு நாள் போய் மூன்று நிமிஷத்தைத் தள்ளி வைத்திருக்கலாம். ஏணி எடுக்கக் கை வரவில்லை. திருத்தினால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம். நாலு மாதம் அது அப்படியே தப்பாகவே ஓடியது.

மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னால் தள்ளும் நாள். தேவாலயம் முடிந்து போனேன். கூடத்தில் வெர்லீன் இருந்தாள். ஜூன் மாதத் தேர்தலுக்காக அலமாரியிலிருந்து சாமான் பெட்டியை இறக்கி, எலி கடித்திருக்கிறதா என்று கயிற்றைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏணியை விரித்ததும் எழுந்து வந்து கீழே பிடித்துக்கொண்டாள். நான் ஏறினேன். கையில் போன் இருந்தது.

"எந்த மணியப் பாத்து வெக்கிற லோவெல்?" என்றாள்.

"போனப் பாத்து."

"போன தடவ?"

ஏணியின் மேல் நின்றுகொண்டு தப்பி ஓடவும் முடியாது. "வண்டிக் கடிகாரத்த" என்றேன்.

"அது எவ்வளவு முன்னால ஓடும்?"

"மூணு நிமிசம்."

நான் குனிந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஏணிக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னய மன்னிச்சிரு வெர்லீன்" என்றேன். "அவன் போன நீட்டுனப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வாயத் தொறக்காம நின்னுட்டேன். நான் சொல்லியிருந்தா நீ உள்ள விட்டிருப்ப. அந்தப் பாவம் என்னோடது."

"உன்னோடது மட்டும் இல்ல" என்றாள். "அவன் என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனான். என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? ஆறு அம்பத்தொம்போதுன்னு இருந்துச்சு. பாத்தேன்."

நான் ஏணியின் மேல்படியைப் பிடித்துக்கொண்டேன்.

"கைலோட அந்தப் பொம்பள வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தா. ட்ராவிஸோட ஆத்தா ட்ராவிஸோட ஆளுங்கள உள்ள விட்டுட்டான்னு நாளைக்கி ஊரே சொல்லும்னு தோணுச்சு. அதான் பாக்காத மாதிரி நின்னேன். ஷாங்க் வந்து கேட்டப்பவும் அதே பயந்தான்." கொஞ்சம் நிறுத்தினாள். "வேற யாரு வந்து போனக் காட்டியிருந்தாலும், உள்ள போயி டேப்ப உரிச்சு இன்னொரு மணியப் பாத்திருப்பேன் லோவெல். ஹால்டர்மன் வந்திருந்தாக்கூடப் பாத்திருப்பேன். இருவத்துநாலு வருசத்துல எல்லாருக்கும் நியாயமா நடந்திருக்கேன். என் பிள்ளைக்கு மட்டும் நடக்கல."

நான் முள்ளைத் திருப்பினேன். போனைப் பார்த்து, இன்னொரு தடவை பார்த்து, நிமிஷ முள்ளைச் சரியான இடத்தில் வைத்தேன். கண்ணீர் மறைத்ததால் அதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

"சரியா இருக்கா?" என்று கீழிருந்து கேட்டாள்.

"சரியா இருக்கு" என்றேன். நான் இறங்கி முடிக்கும் வரைக்கும் அவள் ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.